பியூரெட் நுனி அடிக்கடி உடைகிறது, மாற்று நுனியில் துளி சீராக விழவில்லை: உதவி தேவை

கேள்வி (தூத்துக்குடி, உப்பு ஆய்வகம்)

வணக்கம். உப்பளங்களை ஒட்டிய ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் முப்பது, நாற்பது மாதிரிகளில் அயோடின் அளவு பார்க்கிறோம். முறை எல்லாரும் அறிந்ததுதான்: 10 கிராம் உப்பைக் கரைத்து, நீர்த்த கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் வைத்து, 0.005 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்கிறோம், அதாவது ஸ்டார்ச் தரும் நீல நிறம் மறையும்வரை துளித்துளியாக விட்டு, செலவான அளவைப் படிக்கிறோம்.

கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டின் கண்ணாடி நுனி ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடைந்துவிடுகிறது. கழுவும்போது தண்ணீர்க் குழாயில் இடிக்கிறது, அல்லது கூம்புக் குடுவையின் விளிம்பில் படுகிறது. உடைந்த நுனியை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன்; துளி பெரிதாகிவிட்டது. பிறகு மைக்ரோபிப்பெட்டின் (மிகச் சிறு அளவு திரவம் எடுக்கும் கருவி) மஞ்சள் பிளாஸ்டிக் முனையைக் கத்தரியால் வெட்டி ரப்பர் குழாயில் செருகினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது ஒரு துளி சிறிது, அடுத்தது பெரிது.

எனக்கு இது சின்ன விஷயம் அல்ல. இந்த முறையில் ஒரு மில்லி தயோசல்பேட் 10.58 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அயோடினுக்குச் சமம். நுகர்வோர் கையில் இருக்க வேண்டிய குறைந்த அளவான 15 பிபிஎம் என்பது வெறும் 1.42 மில்லி. ஒரு துளி 0.05 மில்லி என்றால் அதுவே அரை பிபிஎம். எல்லையில் நிற்கும் மாதிரியில் கடைசி நீலம் ஒரே துளியில் மறைந்துவிடுகிறது; அந்தத் துளியில் எவ்வளவு மிகை என்று தெரியாமல் அறிக்கையில் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை.

மழுங்கத் தேய்த்த சிரிஞ்ச் ஊசி ஒன்றை எபாக்ஸி பசையால் நிரந்தரமாக ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். இதே பியூரெட்டில் கால்சியம், மக்னீசியத்துக்கு (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும்) இடிடிஏவும், குளோரைடுக்கு சில்வர் நைட்ரேட்டும் பயன்படுத்துகிறோம். யாராவது வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1 (கல்லூரி வேதியியல் ஆய்வகம், கோவை)

எதையும் ஒட்டுவதற்கு முன் துளியை எடை போடுங்கள். சிறு குடுவையை மின்தராசில் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் 20 துளி விட்டு எடை பாருங்கள். மூன்று முறை செய்யுங்கள். 0.05 மில்லி துளி என்றால் 20 துளிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரும். மூன்று எடைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் உங்கள் நுனியின் தரம்.

துளியின் அளவைத் துவாரம் தீர்மானிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். துவாரம் முக்கியமாக வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. துளி எந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குகிறதோ, அதன் சுற்றளவும் கரைசலின் பரப்பு இழுவிசையும்தான் துளியின் எடையை முடிவு செய்கின்றன. கண்ணாடியைத் தண்ணீர் நனைக்கும். ஆகவே துளி வெளிவிளிம்பு வரை பரவித் தொங்குகிறது. நுனி மேலே போகப்போகத் தடிப்பது. நீங்கள் தேய்த்தபோது தடித்த பகுதிக்கு வந்துவிட்டீர்கள், துளி பெருத்துவிட்டது. மஞ்சள் முனையில் வெட்டு சாய்ந்திருக்கும். ஒருமுறை தாழ்ந்த ஓரத்திலிருந்து விழும், ஒருமுறை முழு விளிம்பிலிருந்தும் விழும்.

நல்ல செய்தி ஒன்று: அளவுக் கோடுகள் எல்லாம் அடைப்புத் திருகுக்கு மேலே இருப்பதால், கீழே நுனியை மாற்றினால் பியூரெட்டின் அளவீடு கெடாது. தொடக்கத்திலும் முடிவிலும் நுனி முழுக்கக் கரைசல் இருக்க வேண்டும், காற்றுக்குமிழி கூடாது, அவ்வளவுதான். ஆனால் உடைந்து அகன்ற நுனியில் கரைசல் வேகமாக இறங்கும். சுவரில் ஒட்டிய படலம் வடிவதற்குள் நீங்கள் அளவைப் படித்துவிடுவீர்கள். அந்தப் பிழையையும் கவனியுங்கள்.

மறுமொழி 2 (குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்)

ஊசி வேண்டாம். நான் பட்ட பாடு இது. பழைய வகை உலோகத் தலை ஊசியைப் பொருத்தி இடிடிஏ ஓட்டினேன். முதல் வாரம் துளி அழகாக விழுந்தது. அடுத்த வாரம் காலையில் முதல் மாதிரியிலேயே, ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு வர வேண்டிய எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி மங்கிய ஊதாவிலேயே நின்றுவிட்டது. தாங்கல் கரைசல் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாகத் தயாரித்தேன், பலனில்லை. ஊசியைக் கழற்றிப் பார்த்தால் தலையின் உட்புறம் நிக்கல் பூச்சு உரிந்து பித்தளை தெரிந்தது. தாமிரமும் நிக்கலும் அந்த நிறங்காட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. இடிடிஏ இரவெல்லாம் உள்ளே நின்று அவற்றைக் கரைத்திருக்கிறது. சில்வர் நைட்ரேட்டை அந்தப் பித்தளை வழியே விட்டால் வெள்ளி உள்ளேயே படிந்துவிடும். உங்கள் மூன்று கரைசல்களுக்கும் உலோகம் பொதுவாகாது.

கேள்வி கேட்டவர்

எடை பார்த்தேன். தேய்த்த கண்ணாடி நுனி, 20 துளிக்கு: 1.12, 1.04, 1.15 கிராம். மஞ்சள் முனை: 0.41, 0.58, 0.47. இரண்டாவதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஊசியை விட்டுவிட்டேன்.

மறுமொழி 3 (ஆய்வகக் கருவிகள் பழுதுபார்ப்பவர், மதுரை)

டெஃப்லான் குழாய் வாங்குங்கள்: வெளிவிட்டம் 1.6 மில்லிமீட்டர், உள்விட்டம் 0.8. குரோமடோகிராபி கருவிகளுக்கு விற்கும் அதே குழாய்தான். நீங்கள் சொன்ன மூன்று கரைசலும் அதை ஒன்றும் செய்யாது. கண்ணாடியைப் போல் எளிதில் நனையாததால் கரைசல் நுனியின் பக்கவாட்டில் மேலேறாது. இடித்தால் வளையும், உடையாது.

செய்யும் விதம்: ஒரு மில்லி மைக்ரோபிப்பெட்டின் நீல முனையை எடுத்து, அதன் துவாரம் குழாயைவிடச் சற்றே குறுகலாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். டெஃப்லான் குழாயின் ஒரு தலையைக் கூராகச் சீவி, நீல முனையின் அகன்ற பக்கத்திலிருந்து நுழைத்து, மறுபக்கம் குறடால் இழுங்கள். கூம்பு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், பசையே வேண்டாம். டெஃப்லானில் எபாக்ஸி ஒட்டவும் ஒட்டாது. உள்ளே குழாய் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் அதைச் சுற்றிக் குமிழி தங்கும். வெளியே ஐந்து மில்லிமீட்டர் மட்டும் விடுங்கள். நீளம் கூடினால் வளைந்து, துளி ஓரத்தில் விழும்.

வெட்டு முக்கியம். கத்தரி குழாயை நசுக்கித் துவாரத்தை முட்டை வடிவாக்கிவிடும். மரப்பலகையில் வைத்து, புதிய சவர பிளேடால் நேர்செங்குத்தாக ஒரே அழுத்து. உருப்பெருக்கியில் பாருங்கள், நூல் போல ஒரு பிசிறு நின்றால்கூடத் துளி அதைப் பிடித்துத் தொங்கும்.

பியூரெட்டின் உடைந்த நுனியை நேராக அறுத்து ஓரத்தைத் தீயில் மழுக்கி, அதன்மேல் சிலிக்கோன் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, அதன்மேல் நீலக் கூம்பை அழுத்திச் செருகுங்கள். தீயில் காட்டுவது கண்ணாடியை மட்டும்தான். டெஃப்லானைத் தீயில் காட்டவே காட்டாதீர்கள். அதன் புகை நச்சு.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

ஐயா, செய்துவிட்டேன். முதல் இரண்டு வெட்டு வீண், மூன்றாவது அமைந்தது. 20 துளிக்கு 0.43, 0.44, 0.43 கிராம். ஒரு துளி 0.022 மில்லி, அதாவது கால் பிபிஎம்முக்கும் குறைவு. போன செவ்வாய் பியூரெட் கை நழுவிக் கழுவுதொட்டியில் நுனி குத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி எடை போட்டேன், அதே 0.43.

ஒரு சந்தேகம்: காலையில் நுனியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, முதல் துளி கோணலாக விழுகிறது.

மறுமொழி 1

அது காய்ந்த தயோசல்பேட். இரவில் பியூரெட்டில் கரைசலை விடாதீர்கள். காலி செய்து கழுவி, காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, நுனியை ஒரு சிறு சோதனைக்குழாய் நீரில் மூழ்கவிட்டுப் போங்கள். காலையில் கரைசலால் இரண்டுமுறை அலசிவிட்டு நிரப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துளி சிறிதானதால் அளவீடு துல்லியமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உங்களுடையது 50 மில்லி பியூரெட். ஏ வகுப்பு என்றாலே அதற்கு அனுமதித்த பிழை ±0.05 மில்லி. கோடுகள் 0.1 மில்லிக்கு ஒன்று. 1.42 மில்லியை அதில் படிப்பது பாதி கண்மதிப்புதான். 0.02 மில்லிக்கு ஒரு கோடு உள்ள 10 மில்லி பியூரெட்டுக்கு மாறுங்கள். அப்போதுதான் இந்த நுனிக்குப் பட்ட பாடு பலன் தரும். கிடைக்கும்வரை 20 கிராம் உப்பு எடுத்துச் செய்யுங்கள்; தயோசல்பேட் இரட்டிப்பாகும், படிக்கும் பிழையின் பங்கு பாதியாகும். கணக்கில் இரண்டால் வகுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இன்று 20 கிராமில் பார்த்தேன். நேற்று 15-ஐத் தொட்டும் தொடாமலும் நின்ற அதே மாதிரி, மூன்று முறையும் 2.74, 2.76, 2.74 மில்லி. 14.5 பிபிஎம். குறைவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 10 மில்லி பியூரெட்டுக்கு இன்றே கேட்டு எழுதியிருக்கிறேன். அதன் நுனித் தண்டு மெலிதாக இருக்கும் என்கிறார்கள். நீலக் கூம்புக்குப் பதில் மஞ்சள் முனையையே கூம்பாக வைத்துப் பார்க்கப் போகிறேன்.