வீட்டோடு ஓ-பேர்: பணம், மணிக்கணக்கு, கார் சாவி

எடிசன், நியூ ஜெர்சி

பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். இருவருக்கும் டே கேர் கட்டினால் வீட்டுக் கடன் தவணையைத் தாண்டுகிறது. ஓ-பேர் (வெளிநாட்டிலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்) வைத்திருப்பவர்கள் மொத்தம் எவ்வளவு ஆகிறது, எங்கே இடிக்கிறது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஜூனில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், நவம்பர் வரை இருப்பார்கள். இருவருமே ஆபீஸ் போகிறோம்.

நேப்பர்வில், இல்லினாய்

பணக்கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி: கிரீன் கார்டு வந்துவிட்டதா? குழந்தையின் பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களாகவோ கிரீன் கார்டு என்னும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும், ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும். இது ஆளைச் சேர்த்துவைக்கும் ஏஜென்சி வைத்த விதியில்லை, ஓ-பேர்கள் வரும் ஜே-1 விசா திட்டத்துக்கு அரசு வைத்த விதி. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் எத்தனை ஏஜென்சிக்குப் போன் போட்டாலும் பதில் ஒன்றுதான்.

இனி மணிக்கணக்கு. நம் ஆட்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், இரண்டையும் மீறக்கூடாது. காலை ஏழரைக்கு ஒப்படைத்துவிட்டு மாலை ஐந்தரைக்கு வாங்கிக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். நாளுக்குப் பத்து மணி, சரிதான். ஐந்து நாள் ஆனால் 50. வெள்ளிக்கிழமை மதியமே 45 முடிந்துவிடும். குழந்தை தூங்கும்போது ஓ-பேர் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பொறுப்பு அவளிடம் இருந்தால் அது வேலை நேரமே. கூடுதலாகப் பணம் தருகிறேன், ஒரு மணி நேரம் சேர்த்துப் பார் என்பதும் செல்லாது. இந்த வாரம் 38 மணிதான் ஆச்சு, மிச்சம் ஏழு மணியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்பதும் செல்லாது.

வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாதத்தில் ஒரு வாரக்கடைசி முழுவதும் ஓய்வு, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பெற்றோரில் ஒருவர் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வரவும் மற்றவர் தாமதமாகக் கிளம்பவும் முடிந்தால் நாளுக்கு ஒன்பது மணிக்குள் அடக்கலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ரயில் என்றால் இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் ஒரு தாளில் ஒரு வாரத்தை எழுதிக் கூட்டிப் பாருங்கள், பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

பிளேனோ, டெக்சஸ்

பணம் நான் சொல்றேன். ஏஜென்சி கட்டணம் ஒரு வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டுறது இப்போ சாதாரணம். ஸ்டைபெண்ட், அதாவது ஓ-பேருக்குக் குடுக்கிற கைப்பணம், வாரம் 195.75 டாலர். அது எங்கிருந்து வந்துச்சுன்னா, கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 7.25ஐ 45 மணியால பெருக்கினா 326.25, அதுல தங்க இடம், சாப்பாட்டுக்கு 40 சதவீதம் கழிச்சா இந்தத் தொகை. 51 வாரத்துக்கு 9,983 டாலர். படிப்புக்கு வருஷம் 500 டாலர் வரைக்கும் நீங்க கட்டணும், அவங்க காலேஜ்ல 6 கிரெடிட் படிச்சு முடிச்சாகணும். இதுவே 21,000ஐ நெருங்கிடுச்சு. மேல போன் பிளான், மளிகையில ஒரு ஆள் சாப்பாடு, கார் இன்சூரன்ஸ். எல்லாம் சேர்த்து 25,000லிருந்து 27,000க்குள்ள மனசுல வச்சுக்குங்க.

ஒரு குழந்தைன்னா பெரிய மிச்சம் கிடையாது. இரண்டு, மூணுன்னாதான் கணக்கு நமக்குச் சாதகம், ஏன்னா தலைக்கு இவ்வளவுன்னு கிடையாது, வீட்டுக்கு இவ்வளவு.

195.75ங்கிறது கீழ்வரம்பு மட்டும்தான். அதையே நிர்ணயிச்ச சம்பளம் மாதிரிச் சொன்னதுக்காக 15 ஏஜென்சிகள் மேல டென்வர்ல கூட்டு வழக்கு நடந்து, 2019 ஜனவரியில 65.5 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆச்சு. இப்போ 250, 300 குடுக்கிற வீடுகள் நிறைய. மூணு குழந்தை, அதுல ஒண்ணு கைக்குழந்தைன்னா 195.75க்கு நல்ல ஆள் மேட்ச் ஆகுறது கஷ்டம். பொண்ணுங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறாங்க.

ஷ்ரூஸ்பரி, மாசச்சூசெட்ஸ்

மேலே சொன்ன கணக்கு எங்கள் மாநிலத்தில் செல்லாது. ஓ-பேருக்கும் மாநில வீட்டுப் பணியாளர் சட்டம் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர், 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆக 45 மணி நேர வாரத்தில் முதல் 40 மணிக்கு 600 டாலரும், மிச்ச ஐந்து மணிக்கு 112.50 டாலரும். மொத்தம் 712.50. அறை, சாப்பாடு என்று கழிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு, கழிக்க முடிந்தாலும் அது சின்னத் தொகை. வேலை நேரத்தை எழுதி வைத்திருக்க வேண்டும்: வந்த நேரம், முடிந்த நேரம், இருவர் கையெழுத்து. ஏஜென்சி கட்டணத்தையும் சேர்த்தால் வருஷம் 45,000க்கு மேல் போகும். இங்கே இரண்டு குழந்தைக்குக்கூட டே கேர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால் பலர் 30 மணி, 35 மணி என்று நேரத்தைக் குறைத்து, பள்ளி விட்ட பிறகு பார்த்துக்கொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

கேமரா வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹாலிலும் விளையாடும் அறையிலும் வைத்தால், வைத்திருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அவள் அறையிலும் குளியலறையிலும் கூடவே கூடாது. மாசச்சூசெட்ஸில் பேச்சொலியை ரகசியமாகப் பதிவது குற்றம், ஆகவே ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

கிரீன் கார்டு வந்துவிட்டது. சின்னவன் கைக்குழந்தை என்பதால் தனி விதி ஏதாவது உண்டா? அப்பா அம்மா வரும்போது அறை ஒன்று குறைகிறது. பேஸ்மென்டை ஒதுக்கலாமா?

கேரி, வட கரோலினா

மூன்று மாதத்துக்குக் கீழே இருக்கும் குழந்தையை ஓ-பேரிடம் தனியாக விடக்கூடாது, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் அந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் குறைந்தது 200 மணி நேரம் ஆவணத்தோடு இருக்க வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்பவளிடம், பால் பாட்டிலை எப்படிச் சூடு செய்வாய், பத்து நிமிடம் நிறுத்தாமல் அழுதால் என்ன செய்வாய், எப்படிப் படுக்க வைப்பாய் என்று கேளுங்கள். மல்லாக்கத்தான் என்று தயங்காமல் பதில் வரணும். எண்ணெய்க் குளியலை அவளிடம் விடாதீர்கள். வழுக்கும் குழந்தையைப் பிடித்துப் பழகாத கை அது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்.

அறை அவளுக்கே தனியாக இருக்க வேண்டும், கதவோடு. பேஸ்மென்ட் ஆகும், ஆனால் ஆபத்து நேரத்தில் ஆள் ஏறி வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்க வேண்டும். கட்டட விதிப்படி அது இல்லாத அறை படுக்கையறையே ஆகாது. ஊரிலிருந்து ஆள் வந்தால் இரண்டு மாதம் ஹாலில் படுத்துக்கொள் என்பது முடியாது, குழந்தையோடு ஒரே அறையில் படு என்பதும் முடியாது. வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர்களையும் ஏஜென்சி நேர்காணல் செய்யும், பின்னணியும் பார்க்கும். தாத்தா பாட்டி வருவதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அதைவிடப் பெரியது, பாட்டிக்கு ஓ-பேர் என்றால் யார் என்று விளங்க வைப்பது. குழந்தைகளின் துணி, குழந்தைகளின் சாப்பாடு, குழந்தைகளின் அறை, குழந்தைகள் இறைத்த பொம்மை: இவ்வளவுதான் அவள் வேலை. வீட்டுக்கே சமைப்பது, பாத்ரூம் கழுவுவது, தாத்தாவுக்கு மாத்திரை கொடுப்பது எதுவும் அதில் வராது. பாட்டி வாஞ்சையாகவே "கண்ணு, அந்தப் பாத்திரத்தையும் போட்டுடேன்" என்பார். பத்தாவது நாள் அந்தப் பெண் ஏஜென்சியின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுவாள், சொல்ல உரிமையும் உண்டு. பாட்டி விமானம் ஏறுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

சைவ வீடு என்றால் நேர்காணலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: வீட்டுக்குள் இறைச்சி சமைக்கலாமா கூடாதா, முட்டை உண்டா, வெளியிலிருந்து வாங்கி வந்து தன் அறையில் சாப்பிடலாமா. கொலம்பியா, பிரேசில், தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கு இறைச்சி இல்லாத வாரம் என்பது நமக்குச் சோறு இல்லாத வாரம் மாதிரி. சாப்பாடு நம் பொறுப்பு என்பதால், நாம் வைத்த சாம்பாரைத்தான் தின்ன வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிரிட்ஜில் அவளுக்கென்று ஓர் அடுக்கும், தனியாக ஒரு வாணலியும், வாரம் ஒருமுறை அவள் கொடுக்கும் மளிகைப் பட்டியலும் போதும், பாதிச் சண்டை வராது.

நேப்பர்வில், இல்லினாய்

கார் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. என் கணக்கில் ரீமேட்ச் (ஒத்துவராமல் அவள் வேறு வீட்டுக்கும் நீங்கள் வேறு ஆளுக்கும் மாறுவது) ஆவதற்கு முதல் காரணம் கார்தான்.

லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்வதும் ஓட்டத் தெரியும் என்பதும் வேறு வேறு. கேட்க வேண்டியவை: கடைசியாக ஓட்டியது எப்போது, வாரத்துக்கு எத்தனை நாள், இரவில், நெடுஞ்சாலையில், மழையில் ஓட்டியதுண்டா, தனியாகவா அப்பா பக்கத்தில் உட்கார்ந்தா. தன் நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து, அசல் லைசென்ஸோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அது கிடைக்காது. ஆள் வருவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து அவள் பெயரைச் சேர்த்தால் எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். ஓ-பேர் வயது 18 முதல் 26 வரை, இங்கே ஓட்டிய பதிவே கிடையாது, ஆகவே பிரீமியம் சுளீரென்று ஏறும். பழைய காராக இருந்தால் சற்றுக் குறையும்.

முதல் இரண்டு வாரம் குழந்தையை ஏற்றாமல் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள்: பள்ளி, லைப்ரரி, மருத்துவர், இந்த மூன்று வழியும் தினமும். சந்தேகம் இருந்தால் டிரைவிங் ஸ்கூலில் ஐந்தாறு பாடத்துக்குக் காசு கட்டுங்கள். பம்பர் மாற்றுவதைவிட மலிவு. விபத்தானால் டிடக்டிபிளில் (இன்சூரன்ஸ் கொடுப்பதற்கு முன் நாம் கட்டும் தொகை) அவள் பங்கு எவ்வளவு என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கும், அதைப் படியுங்கள். குழந்தை வேலைக்கு ஓடிய பெட்ரோல் உங்களுடையது, அவள் சொந்தமாக ஓட்டியது அவளுடையது என்று எழுதி வையுங்கள்.

எடிசன்காரருக்கு: அப்பா அம்மா கிளம்பும் நவம்பரில் ஆளை இறக்கினால், பனி பார்த்தே இராத பெண் டிசம்பரில் ஸ்டீயரிங் பிடிப்பாள். செப்டம்பரில் வர வையுங்கள், பேஸ்மென்ட் அறை தயாராக இருந்தால் இடமும் இடிக்காது. மேட்ச், விசா நேர்காணல் எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு மாதம் ஆகும், ஆக மே மாதமே தேட ஆரம்பியுங்கள்.

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

வரி. சுருக்கமாக.

உங்கள் பக்கம்: ஓ-பேருக்குக் கொடுப்பதை டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏவில் (பராமரிப்புச் செலவுக்கு வரி பிடிக்கும் முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) காட்டலாம். வீட்டுக்கு 5,000 டாலராக இருந்த வரம்பு 2026 முதல் 7,500. இரண்டு குழந்தை உள்ளவர்களுக்குக் குழந்தை பராமரிப்பு வரிச்சலுகையில் கணக்கில் எடுக்கும் செலவு 6,000 வரைதான், எஃப்எஸ்ஏ தொகையை அதில் கழிக்க வேண்டும். 7,500 முழுவதும் போட்டால் அந்தச் சலுகை காலி. வருமானம் அதிகம் உள்ள வீட்டுக்கு எஃப்எஸ்ஏதான் லாபம். ஆபீஸில் வருஷாவருஷம் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் ஓபன் என்ரோல்மென்ட்டில் டிக் போட மறந்தால் நடுவில் ஆள் வந்த பிறகு மாற்ற முடிகிறதா என்று எச்ஆரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். ஏஜென்சி கட்டணத்தையும் பராமரிப்புச் செலவாகக் காட்டலாம், ஆனால் டிசம்பரில் கட்டிய பணத்தை வேலை நடப்பதற்கு முன்பே எஃப்எஸ்ஏவில் கேட்டால் தராது. வரிச்சலுகை கேட்கும் படிவம் 2441க்கு அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும்.

அந்த எண்ணுக்கு, வந்த மறுநாளே ஓடாதீர்கள். அரசின் பதிவில் அவள் வந்த தகவல் ஏறுவதற்கு அவகாசம் கொடுத்து, பத்து நாள் கழித்து பாஸ்போர்ட், டிஎஸ்-2019 (ஏஜென்சி தரும் ஜே-1 சான்றிதழ்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முன்னால் போனால் இரண்டாம் முறை வரிசையில் நிற்க நேரும்.

அவள் பக்கம்: ஸ்டைபெண்ட் வரிக்குட்பட்ட வருமானம். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் பொதுவாக இல்லை. நீங்களும் வருமான வரி பிடிக்கத் தேவையில்லை. அதனால்தான் ஏப்ரலில் அதிர்ச்சி. நான்-ரெசிடென்ட்டாக, அதாவது வரிக்கணக்கில் வெளிநாட்டவராக, 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்யும் பெரும்பாலானவர்களுக்கு நிலையான கழிவு கிடையாது, முதல் டாலரிலிருந்தே 10 சதவீதம். வாரம் 20 டாலர் தனியாக எடுத்து வைக்கும்படி முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

பிளேனோ, டெக்சஸ்

ரீமேட்ச் பத்தியும் சொல்லிடறேன். ஒத்துவரலைன்னா இரண்டு வாரம் அவகாசம். அதுக்குள்ள அவளுக்கு வேற வீடு, உங்களுக்கு வேற ஆள். அந்த இரண்டு வாரம் பெரும்பாலும் உங்க வீட்லயேதான் இருப்பா, பேச்சு நின்னுபோன வீட்ல. புது ஆள் வெளிநாட்டிலிருந்து வரணும்னா இரண்டு மாசம் காலி. லீவு நாளைச் சேர்த்து வச்சுக்குங்க, அவசரத்துக்கு எடுத்துக்கிற டே கேர் ஒண்ணுல பதிவு பண்ணி வைங்க. கட்டணத்துல எவ்வளவு திரும்ப வரும், பணமா வருமா அடுத்த ஆளுக்குக் கழிவா வருமாங்கிறது ஏஜென்சிக்கு ஏஜென்சி வேற. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய பக்கம் அதுதான், முன்பக்கத்துல இருக்கிற சிரிச்ச முகம் இல்ல.

எடிசன், நியூ ஜெர்சி

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. அடுத்த கோடையில் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேரி, வட கரோலினா

போகலாம். டிக்கெட், தங்கும் செலவு உங்களுடையது, 45 மணி விதி அங்கேயும் உண்டு, வேலை வாங்கினால் அது அவள் விடுப்பில் சேராது. கிளம்புவதற்கு முன் டிஎஸ்-2019இல் ஏஜென்சியின் பயணக் கையெழுத்து, அவள் நாட்டு பாஸ்போர்ட்டுக்கு இந்திய விசா, இரண்டும் வேண்டும். இரண்டாம் வருஷ நீட்டிப்பில் இருக்கிறாளென்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஜே-1 விசா முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை, வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. அப்படியானால் அவளை எடிசனிலேயே விட்டுவிட்டு, இரண்டு வாரச் சம்பள விடுப்பை அப்போதே கொடுத்துவிடுங்கள்.