பளபளப்பாக்கிய அலோய் வீலுக்கு வீட்டில் கிளியர் லாக்கர் அடிக்கலாமா?

கேள்வி – மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து

என் காரின் அலோய் வீல்களில் தொழிற்சாலையில் பூசப்பட்டிருந்த கிளியர் (நிறமற்ற காப்புப் பூச்சு) உரிந்து, அதன் அடியில் வெண்படலம் படர்ந்திருந்ததால், பழைய பூச்சை முழுமையாக நீக்கி, வோட்டர் பேப்பரால் படிப்படியாகத் தேய்ப்பித்து, இறுதியில் பஃப் பிடித்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கியுள்ளேன். வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பதால், துடைத்து வைத்த வீல் சில நாட்களிலேயே மங்கத் தொடங்குகிறது. மாரி தொடங்குவதற்கு முன், ஸ்பிரே டின்னில் கிடைக்கும் கிளியர் லாக்கரை வீட்டு முற்றத்திலேயே அடித்துவிட எண்ணியிருக்கிறேன். கடையில் சாதாரண டின் ஒன்றையும், அடிப்பகுதியில் ஊசி குத்தி ஹார்ட்னரை (பூச்சை இறுக வைக்கும் திரவத்தை) கலக்க வேண்டிய டின் ஒன்றையும் காட்டினார்கள். இவற்றில் எது நீடிக்கும் என்பதையும், அடிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – பெயின்டிங் வேலை செய்பவர், களுவாஞ்சிகுடி

ஐயா, உங்கள் வீல் எவ்வளவு அழகாகப் பளபளக்கிறதோ, லாக்கர் அதில் பிடிப்பது அவ்வளவு கடினம். பூச்சு எதுவானாலும் உலோகத்தின் மேல் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால்தான் பற்றிக்கொள்ளும். பஃப் பிடித்த அலுமினியத்தில் அது அறவே இல்லை. காரின் உடற்பகுதிக்கு இந்தக் குறையை, உலோகத்தை இலேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் தீர்த்துவிடும். ஆனால் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பிரைமருக்கு நிறம் உண்டு என்பதால், கிளியரின் கீழ் அதை அடித்தால் உலோகமே மறைந்துவிடும். ஆகவே மிக நுண்ணிய வோட்டர் பேப்பரால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடிப்பது ஒரு வழி. பளபளப்புச் சற்றுக் குறையும். லாக்கரின் ஈரம் அந்தக் கீறல்களை ஓரளவு நிரப்பினாலும், முகம் தெரியும் தெளிவு முழுமையாகத் திரும்பி வராது. வெறும் உலோகத்துக்கென்று நிறமற்ற ஒட்டு மருந்துகளும் உண்டு. கிடைத்தால் அது இதனினும் நல்லது.

சுத்தம் செய்வதில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. பஃப் பிடிக்கும் கட்டியில் மெழுகும் கொழுப்பும் கலந்திருக்கும். அது சிறு துளைகளிலும் நட் துவாரத்தின் ஓரங்களிலும் தங்கிவிடும். முதலில் சவர்க்காரம் கலந்த சுடுநீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பின்னர் மெழுகு நீக்கியைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஒரு துணியால் நனைத்த இடத்தை, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பெற்றோலால் துடைப்பது நம்மிடையே பரவலான பழக்கம், ஆனால் அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். துடைத்த பின் வெறுங்கையால் தொடாமல், அன்றைய தினமே லாக்கரை அடித்துவிடுங்கள்.

பதில் 2 – அக்கரைப்பற்று

முதலில் பதில் எழுதிய நானா (அண்ணன்) சொன்ன ஒட்டுதல் விடயம் சரிதான். எனினும், கல்லடியில் இருப்பவருக்கு லாக்கரே வேண்டாம் என்பதே என் கருத்து. அலுமினியத்தின் மேல் தானாகவே உருவாகும் ஒக்சைட்டுப் படலம் அதைக் காக்கிறது. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஊடுருவிச் சிறு புள்ளிகளாக அரிக்கிறது. லாக்கர் முழுமையாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு கல் பட்டு நுண்ணிய வெடிப்பு ஏற்பட்டாலும், டயர் மாற்றும்போது இரும்புக் கம்பி உரசினாலும், உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து, பூச்சின் அடியில் புழு ஊர்ந்த தடம் போன்ற வெள்ளைக் கோடுகளாக அரிப்புப் பரவும். நீங்கள் முதலில் கண்ட வெண்படலமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதன்பின் அந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது. வீல் முழுவதையும் உரித்து, மீண்டும் பஃப் பிடிக்க வேண்டும்.

லாக்கர் இல்லாத வீலில் அந்தத் தொல்லை இல்லை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, வீலுக்கென்று விற்கும் சீலண்டைப் பூசிவாருங்கள். மங்கினாலும் மெட்டல் போலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் மீண்டும் ஒளிரும். சேர்விஸ் நிலையத்தில் மட்டும் கவனம் தேவை: அமிலம் கலந்ததோ கடும் காரமோ உள்ள கழுவு திரவத்தை வெறும் அலுமினியத்தில் அடித்தால், சில நிமிடங்களிலேயே போலிஷால் எளிதில் போகாத கறை விழும். அதை அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 3 – சம்மாந்துறை

எங்கள் பக்கம் வயல் வெளி. கடலோரத்தைவிட உப்புக் குறைவு. என் வீல்களைச் சற்று மங்கலாகத் தேய்த்துக் கிளியர் அடித்திருக்கிறேன், இதுவரை நன்றாகவே இருக்கின்றன. ஆகவே லாக்கர் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, இடத்தைப் பொறுத்தது. ஒரு சிறு விடயம்: பாலன்சிங்கின்போது விளிம்பில் கவ்வவைக்கும் ஈயக்கட்டி பூச்சைக் கீறிவிடும். உட்புறத்தில் ஒட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முன் இரு வீல்களுக்கு மட்டும் அடித்துப் பார்க்க நினைக்கிறேன். ஊசி குத்தும் டின்னை முற்றத்தில், துணி முகக்கவசத்துடன் அடிக்கலாமா?

பதில் 1 (தொடர்ச்சி)

ஐயா, துணி முகக்கவசத்துடன் கூடாது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. அதைச் சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமா வரலாம், துணிக் கவசம் அதைத் தடுக்காது. பெயின்டிங் அறையில், வெளியிலிருந்து சுத்தமான காற்றை ஊட்டும் கவசம் அணிந்துதான் அடிக்க வேண்டும். பெற்றோலும் பிறேக் திரவமும் படும் இடத்தில் ஊசி குத்தும் டின்தான் நீடிக்கும் என்பது உண்மையே. ஆகவே சுத்தம் செய்வது வரை நீங்கள் பார்த்துக்கொண்டு, அடிப்பதை மட்டும் வசதியுள்ள டிங்கரிங் கடையில் கொடுங்கள்.

சாதாரண டின்னானால் முற்றத்தில் அடிக்கலாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் பால் நிறமாக மாறிவிடும். கச்சான் காற்று வீசும் பிற்பகலில் தூசு ஒட்டிவிடும். பனி உலர்ந்த பின், காற்று எழுவதற்கு முன் உள்ள காலை நேரம் ஏற்றது. ஒரே தடவையில் வழிய அடிக்காமல், இடைவெளி விட்டு மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். கூரிய ஓரங்களில் பூச்சு விலகி மெலியும் என்பதால், அவற்றுக்கு முதலில் ஒரு விசிறல் கொடுங்கள். நட் அமரும் கூம்பையும், ஹப்பில் (வீல் பூட்டப்படும் அச்சு முனையில்) பொருந்தும் பின்முகத்தையும் டேப் ஒட்டி மறைக்க மறக்க வேண்டாம். அங்கே பூச்சு இருந்தால், அது நசிந்து நட் தளர இடமுண்டு. வீல் பூட்டிச் சிறிது தூரம் ஓடிய பின், நட்களின் இறுக்கத்தை, அதை அளந்து காட்டும் டோர்க் ரென்சால் ஒரு முறை சரிபாருங்கள்.