லண்டனில இருந்து கிளாஸ்கோ வந்திட்டம்: மகன்ர டிஎல்ஏ நிக்கப் போகுதாம், என்ன செய்யிறது?

கிளாஸ்கோ_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு உதவி வேணும். லண்டனில இருந்து இஞ்ச வீடு மாறி வந்திட்டம். மகனுக்கு ஓட்டிசம், அவருக்கு டிஎல்ஏ, அதுதான் இயலாமை உள்ள பிள்ளையளுக்கு அரசாங்கம் தாற காசு, வாறது. வீடு மாறினதைப் போன் எடுத்துச் சொன்னன். இப்ப கடிதம் வந்திருக்கு, காசு நிக்கப் போகுதாம். நான் ஏதும் பிழை விட்டிட்டனோ? ஒரே நாடுதானே, பிறகேன் நிப்பாட்டீனம்? அந்தக் காசை நம்பித்தான் அவற்ற செலவெல்லாம். இரவில நித்திரை இல்லை. தெரிஞ்ச ஆக்கள் தயவு செய்து சொல்லுங்கோ.

எடின்பரோ_வாசு:
பயப்படாதீங்க சிஸ்டர். ஸ்காட்லாந்துல எல்லாரோட டிஎல்ஏ, பிப் (பெரியவங்களுக்கான இயலாமைப் பணம்) எல்லாம் தானாவே இங்கத்த அரசாங்கத்துக்கு மாறிடுச்சு. நீங்க எதுவும் பண்ண வேண்டாம், லெட்டர் வரும். முதல்ல ஜீபி, அதான் குடும்ப டாக்டர், கிட்ட பதிவு பண்ணுங்க. இங்க மருந்துச் சீட்டுக்குக் காசே கிடையாது, 2011லேர்ந்து அப்படித்தான். அதையே நிறைய பேர் தெரிஞ்சுக்காம இருக்காங்க.

அபர்தீன்_குமார்:
ஒரு நிமிஷம். முதல்ல விசா என்னன்னு சொல்லுங்க. ஸ்கில்ட் வொர்க்கர், ஸ்டூடன்ட் விசால டிபென்டென்டா இருந்தா விசாவுல "நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்"னு, அதாவது அரசு உதவிப் பணம் கேக்கக் கூடாதுன்னு, நிபந்தனை இருக்கும். இங்க்லாந்துல டிஎல்ஏ ஆகட்டும், ஸ்காட்லாந்துல அதுக்குப் பதிலா வர்றது ஆகட்டும், ரெண்டுமே பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்குலதான் வரும். கேக்கக் கூடாதவங்க கேட்டா அடுத்த விசா நீட்டிப்புல சிக்கல். அவசரப்பட்டு ஃபார்ம் போடாதீங்க.

டண்டி_அக்கா:
அவ ஏற்கெனவே டிஎல்ஏ எடுக்கிறா, பிறகு விசாப் பிரச்சினை எங்க இருந்து வரும்? பிள்ளைக்கு எத்தின வயசு? 16க்குக் கிட்ட எண்டால் இப்ப ஒண்டும் போடாமல் பொறுத்திருந்து, 16 ஆனவுடன பெரிய ஆக்களுக்கான ஃபோர்மைப் போடலாம். ரெண்டு தரம் ஃபோர்ம் நிரப்பிற அலைச்சல் மிச்சம்.

பெய்ஸ்லி_அண்ணை:
தங்கச்சி, நீங்கள் ஒரு பிழையும் விடேல்ல. வீடு மாறினதை உடன சொன்னதுதான் சரி. சொல்லாமல் இருந்து காசு தொடர்ந்து வந்திருந்தால் பிறகு திருப்பிக் கேட்பினம்.

ஆனால் வாசு தம்பி சொல்லுறதை நம்பிச் சும்மா இருந்திடாதேங்கோ. அவர் சொல்லுறது வேற மாற்றம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தோட இந்தக் கொடுப்பனவுகளின்ர அதிகாரம் வெஸ்ட்மின்ஸ்டரில, அதாவது லண்டன் அரசாங்கத்தில, இருந்து ஸ்கொட்லாந்து அரசாங்கத்துக்கு வந்தது. 2018 இல சோசியல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்து எண்ட அமைப்பைத் தொடங்கிச்சினம். பிள்ளையளின்ர டிஎல்ஏக்குப் பதிலா சைல்ட் டிசபிலிட்டி பேமென்ட், அதாவது சிடிபி, 2021 நவம்பரில நாடு முழுக்க வந்தது. பிப்புக்குப் பதிலா அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட், ஏடிபி, 2022 ஓகஸ்டில வந்தது. அந்த நேரம் ஏற்கெனவே ஸ்கொட்லாந்தில இருந்த ஆக்களின்ர கோப்புகளை டிடபிள்யூபி, அதாவது லண்டன் அரசாங்கத்தின்ர கொடுப்பனவுத் துறை, தானாக மாத்திக் குடுத்தது, ஒருத்தரும் ஃபோர்ம் நிரப்பேல்ல. அந்த வேலை 2025 ஓட முடிஞ்சுது. இப்ப இங்கிலாந்தில இருந்து வாற ஆக்கள் தாங்களாகத்தான் விண்ணப்பிக்க வேணும். வீடு மாறின நாளில இருந்து 13 வாரத்துக்கு டிடபிள்யூபி பழைய காசைத் தரும், அதோட நிக்கும். உங்கட கடிதம் அதைத்தான் சொல்லுது.

விண்ணப்பிக்க முதல் இதுகளைச் சொல்லுங்கோ: மகனுக்கு எத்தின வயசு, பிறந்தநாள் எப்ப? வீடு மாறினது எந்தத் தேதி? விசாவா, அகதி அந்தஸ்தா? யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கான காசு) எடுக்கிறியளா? உங்களுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் (கவனிக்கிற ஆளுக்குத் தாற காசு) வருகுதா?

எடின்பரோ_வாசு:
சரிண்ணே, அந்த 2025 விஷயம் எனக்குத் தெரியாது. இங்க உள்ளவங்களுக்கு அப்படித்தான் மாறிச்சு.

டண்டி_அக்கா:
இந்த நாட்டில எல்லாத்துக்கும் ஃபோர்ம். நவம்பரில பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு, வீடு குளிர், ஹீட்டிங் போட்டால் பில் ஏறுது. லண்டனில இருந்து வாற பிள்ளையளுக்கு முதல் குளிர்காலம் சரியான கஷ்டம். அதுக்குள்ள இந்த அலைச்சலும்.

அபர்தீன்_குமார்:
வீட்டு வாடகை இப்ப கிளாஸ்கோலயும் ஏறிக்கிட்டே போகுது. கவுன்சில் லிஸ்ட்ல பேர் கொடுத்தா வருஷக்கணக்குல காத்திருக்கணும். நம்ம கடையில முருங்கைக்காய் விலை கேட்டா மயக்கம் வருது.

டண்டி_அக்கா:
முருங்கைக்காயை விடுங்கோ, சிவப்பு அரிசி மா எங்க நல்லதா வாங்கலாம் எண்டு எனக்கும் சொல்லுங்கோ.

பெய்ஸ்லி_அண்ணை:
அதை வேற திரியில கதைப்பம். அந்தப் பிள்ளைக்கு நாள் ஓடுது.

கிளாஸ்கோ_புதுசு:
மன்னிக்கோணும், பதட்டத்தில சொல்லாமல் விட்டிட்டன். மகனுக்கு 15, இன்னும் ஆறு மாதத்தில 16. வந்து மூண்டு கிழமை. எங்களுக்கு அகதி அந்தஸ்து இருக்கு. டிஎல்ஏயில கெயார் (கவனிப்பு) நடு வீதம், மொபிலிட்டி (நடமாட்டம்) குறைஞ்ச வீதம். எனக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வருகுது. யூனிவர்சல் கிரெடிட்டும் இருக்கு. மகளுக்கு 9 வயசு. லண்டனில மகனுக்கு ஈஎச்சிபி, அதுதான் விசேட தேவை உள்ள பிள்ளையளுக்கான படிப்பு உதவித் திட்டம், இருந்தது, அதையும் இஞ்ச பள்ளிக்கூடம் எடுக்காது எண்டு சொல்லீனம்.

பெய்ஸ்லி_அண்ணை:
இப்ப விளங்குது. அகதி அந்தஸ்து எண்டால் குமார் தம்பி சொன்ன தடை உங்களுக்கு இல்லை. கடைசி 52 கிழமையில 26 கிழமை இங்க இருந்திருக்க வேணும் எண்ட நிபந்தனையும் அகதிகளுக்குப் பொருந்தாது. மற்ற ஆக்களுக்கும் லண்டனில இருந்த காலம் அதில சேரும்.

டண்டி அக்கா சொன்னது போல 16 வரைக்கும் பொறுக்க வேண்டாம். அது உங்களுக்கு நட்டம். இங்கிலாந்தில 16 ஆனால் டிஎல்ஏ முடிஞ்சு பிப்புக்குப் போக வேணும். ஸ்கொட்லாந்தில 16 ஆக முதல் சிடிபி கிடைச்ச பிள்ளைக்கு 18 வரைக்கும் அது தொடரும். ஆனால் 16 ஆன பிறகு சிடிபிக்குப் புதுசா விண்ணப்பிக்க ஏலாது. பெரிய ஆக்களின்ர ஏடிபியில புள்ளிக் கணக்கு: அன்றாட வாழ்க்கைக்கு 10 விஷயம், நடமாட்டத்துக்கு 2 விஷயம், ஒரு பகுதியில 8 புள்ளி வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடின வீதம். சிடிபியில அந்தக் கணக்கு இல்லை. அதே வயசுப் பிள்ளையோட ஒப்பிட்டு எவ்வளவு கூடுதல் கவனிப்பு வேணும் எண்டுதான் பார்ப்பினம். உங்கட மகனுக்கு இந்த வழிதான் நல்லது.

0800 182 2222 க்கு இண்டைக்கே எடுங்கோ, இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு முதல் வசனத்திலயே சொல்லுங்கோ. இணையத்திலயும் போடலாம். ஃபோர்ம் ரெண்டு பகுதி. முதல் பகுதி பேர், விலாசம், வங்கிக் கணக்கு மாதிரி விபரங்கள்தான். அதைக் குடுத்த நாள்தான் விண்ணப்ப நாளாகக் கணக்கில நிக்கும், ஆனால் ரெண்டாம் பகுதி 8 கிழமைக்குள்ள போய்ச் சேர வேணும். நிறையப் பேர் அறிக்கைகள் எல்லாம் கையில வரட்டும் எண்டு ரெண்டாம் பகுதியை வைச்சுக்கொண்டு இருந்து நாளைத் தவற விடுகினம். அறிக்கை வராட்டியும் ஃபோர்மை அனுப்புங்கோ. அனுமதி குடுத்தால் ஜீபியிட்டயும் பள்ளிக்கூடத்திலயும் அவையே கேட்டு எடுப்பினம்.

டண்டி_அக்கா:
16க்கு முதல் கிடைச்சால் 18 மட்டும் ஓடும் எண்டது நான் அறியாதது. தங்கச்சி, அண்ணை சொல்லுற மாதிரியே செய்யுங்கோ. அப்ப ஃபோர்மில என்ன எழுதிறது எண்டதையும் விளக்கமாச் சொல்லுங்கோ அண்ணை. எங்கட தாய்மார் "நாங்கள் சமாளிக்கிறம்" எண்டு எழுதிப்போட்டு இருந்திடுவினம்.

பெய்ஸ்லி_அண்ணை:
அதுதான் முக்கியம். "உதவி வேணும்" எண்டு மட்டும் எழுதினால் அவைக்கு ஒண்டும் விளங்காது. ஒரு நாளை எடுத்துக் காலையில இருந்து எழுதுங்கோ. பல் தீட்டுறதுக்கு எத்தின தரம் சொல்ல வேணும், பக்கத்தில எத்தின நிமிஷம் நிக்க வேணும், விட்டுப் போனால் என்ன நடக்கும். உடுப்பின்ர தையல் உறுத்திக் கழட்டி எறிஞ்சால் அதை எழுதுங்கோ. இரவில எத்தின மணிக்கு எழும்புறார், கிழமையில எத்தின நாள், நீங்கள் எவ்வளவு நேரம் முழிச்சிருக்கிறியள். மொபிலிட்டிக்குத் தெரியாத ரோட்டில தனிய விடேலாது எண்டதை நிகழ்ச்சியோட காட்டுங்கோ: வாகனம் வாறதைப் பாராமல் இறங்குறவரா, சத்தத்துக்குப் பயந்து ஓடுறவரா, வழி மாறினால் நிண்டிடுறவரா. நல்ல நாளை எழுதி, கெட்ட நாளை விட்டிடாதேங்கோ. எது எத்தின நாள் எண்டு ரெண்டையும் எழுதுங்கோ.

ஆதாரமா டிஎல்ஏ தீர்மானக் கடிதம், ஈஎச்சிபி, ஓட்டிசம் எண்டு உறுதிப்படுத்தின அறிக்கை, ஸ்பீச் தெரபிஸ்ட் அறிக்கை எல்லாம் சேருங்கோ. ஈஎச்சிபிக்கு இங்க சட்டப்படி வலு இல்லை எண்டது உண்மைதான், ஆனால் ஆதாரமாக நல்லாச் செல்லும். இன்னொண்டு, இங்கிலாந்து என்எச்எஸ் இலக்கம் இங்க வேலை செய்யாது. ஸ்கொட்லாந்தில சிஎச்ஐ எண்டு பிறந்த தேதியில தொடங்கிற பத்து இலக்கம் தருவினம். பழைய ஜீபியின்ர கோப்பு புது ஜீபியிட்ட வந்து சேர நாள் எடுக்கும், அதனால லண்டன் ஆஸ்பத்திரிக் கடிதங்களின்ர பிரதியை நீங்களே கேட்டு வாங்குங்கோ. புது ஜீபிக்கு மகனைத் தெரியாது, அவரிட்ட மட்டும் கேட்டால் ரெண்டு வரிதான் எழுதுவார்.

அபர்தீன்_குமார்:
கேரர்ஸ் அலவன்ஸ் என்ன ஆகும்? அதுவும் தானா மாறாதா?

பெய்ஸ்லி_அண்ணை:
மாறாது. அதுக்கு இங்க கேரர் சப்போர்ட் பேமென்ட், தனி விண்ணப்பம். 2025-26 இல வாரம் 83.30 பவுண்ஸ். இங்க அதோட மேலதிகக் கொடுப்பனவும் இருக்கு, இங்கிலாந்தில அது இல்லை. ஆனால் மகன்ர கெயார் நடு வீதமோ கூடின வீதமோ இருந்தால்தான் உங்களுக்கு இது கிடைக்கும். மகன்ர தீர்மானம் பிந்தினால் உங்களதும் பிந்தும். அதனாலதான் மகன்ர ஃபோர்ம் முதல் போக வேணும்.

டிஎல்ஏ பகுதிக்குச் சொன்னது கேரர்ஸ் அலவன்ஸ் பகுதிக்குத் தெரியாது. யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் தெரியாது. மூண்டு இடத்துக்கும் தனித்தனியாச் சொல்ல வேணும். யூனிவர்சல் கிரெடிட் ஸ்கொட்லாந்துக்கு மாறேல்ல, அது இப்பவும் டிடபிள்யூபிதான். அதின்ர இணையக் கணக்கில இருக்கிற ஜேர்னலில புது விலாசம், புது வாடகை, சிடிபி போட்டிருக்கிறம் எண்டு எழுதுங்கோ. அதில மகனுக்காக ஒவ்வொரு மாதமும் வாற காசு (2025-26 இல 158.76 பவுண்ஸ்) டிஎல்ஏயைப் பிடிச்சுத்தான் நிக்குது. டிஎல்ஏ நிண்டு சிடிபி வர முதல் அதுவும் நிக்கலாம். பெனிபிட் கேப்பில, அதாவது கொடுப்பனவுகளுக்கான உச்ச வரம்பில, இருந்து உங்களுக்குக் கிடைக்கிற விலக்கும் அதோடதான். லண்டனுக்குக் கேப் வருஷம் 25,323 பவுண்ஸ், இங்க 22,020. விலக்குப் போனால் வித்தியாசம் தெரியும். சிடிபி வந்தவுடன தேதியோட ஜேர்னலில போட்டு, விட்டுப்போன மாதங்களைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கோ.

எடின்பரோ_வாசு:
ஸ்காட்டிஷ் சைல்ட் பேமென்ட் பத்தி யாரும் சொல்லலையே. யூனிவர்சல் கிரெடிட் வாங்குறவங்களுக்கு 16 வயசுக்குக் கீழ உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வாராவாரம் பணம், 2025-26ல 27.15 பவுண்டு. ரெண்டு பிள்ளைக்கும் கிடைக்கும். அதே நம்பர்ல கேக்கலாம். விண்ணப்பிச்ச நாள்லேர்ந்துதான் தருவாங்க, முன்னாடி நாளுக்குத் தர மாட்டாங்க. சிஸ்டர், அதை இன்னைக்கே பண்ணுங்க.

பெய்ஸ்லி_அண்ணை:
வாசு தம்பி, நல்லதை ஞாபகப்படுத்தினீங்கள். ஒரே போனில ரெண்டையும் கேளுங்கோ தங்கச்சி.

கிளாஸ்கோ_புதுசு:
அண்ணை, 13 வாரத்துக்குள்ள முடிவு வராட்டி? இடையில காசு இல்லாமல் எப்பிடி?

பெய்ஸ்லி_அண்ணை:
முடிவுக்கு மாதக்கணக்கில போகலாம், அதைச் சொல்லத்தான் வேணும். கிடைச்சால் நிலுவை சேர்த்து வரும். உங்கட பழைய வீதமே வந்தால், 2025-26 கணக்குப்படி கெயார் 73.90 பவுண்ஸ், மொபிலிட்டி 29.20, கூட்டினால் வாரம் 103.10. நாலு கிழமைக்கு ஒருக்காப் போடுவினம். இடையில சாப்பாட்டுக்கோ மீட்டருக்கோ காசு முடிஞ்சால் கிளாஸ்கோ கவுன்சிலில ஸ்கொட்டிஷ் வெல்ஃபெயார் ஃபண்டில கிரைசிஸ் கிராண்ட், அதாவது அவசர உதவிக் காசு, கேட்கலாம், திருப்பிக் கட்டத் தேவையில்லை.

வீதம் குறைச்சோ மறுத்தோ கடிதம் வந்தால் மனம் விடாதேங்கோ. 42 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேட்க வேணும். அதிலயும் சரிவராட்டி 31 நாளுக்குள்ள தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஃபோர்ம் நிரப்பச் சோசியல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்தின்ர ஆக்களே வீட்டுக்கு வருவினம், போனில நேரம் கேளுங்கோ. மகனுக்காகப் பக்கத்தில நிண்டு கதைக்க ஆள் வேணும் எண்டால் வாய்ஸ்எபிலிட்டி இலவசமாத் தருகினம், அவை அரசாங்க ஆக்கள் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு: ஈஎச்சிபியைக் கையில குடுத்து, அடிஷனல் சப்போர்ட் நீட்ஸ் (படிப்பில மேலதிக உதவித் தேவை) மதிப்பீடு வேணும் எண்டு எழுத்தில கேளுங்கோ. தேவை கூடவா இருந்து கவுன்சிலோட சுகாதாரத் துறையும் சேர வேண்டி வந்தால் கோஓர்டினேட்டட் சப்போர்ட் பிளான் கேட்கலாம், சட்டப்படி வலு உள்ளது அதுதான். வாயால சொன்னால் ஒரு பதிவும் இருக்காது.

கிளாஸ்கோ_புதுசு:
எடுத்திட்டன். தமிழ் ஆள் லைனில வந்தவர். மகன்ர முதல் பகுதி முடிஞ்சுது, சைல்ட் பேமென்டும் ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. ரெண்டாம் பகுதி தபாலில வருமாம். ஒண்டு கேட்க மறந்திட்டன்: ஆடியில அம்மாவைப் பார்க்க இந்தியா போற யோசினை இருக்கு, மகனையும் கூட்டிக்கொண்டு போனால் பிரச்சினையா?

பெய்ஸ்லி_அண்ணை:
13 கிழமைக்குக் குறைவான பயணம் எண்டால் காசு நிக்காது, வைத்தியத்துக்கு எண்டால் 26 கிழமை வரைக்கும். ஆனால் போக முதல் போன் எடுத்துத் தேதிகளைச் சொல்லுங்கோ, யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் தனியாச் சொல்லுங்கோ, அதின்ர காலம் இதைவிடக் குறைவு. முடிவு வர முதல் போறதா இருந்தால் கடிதங்களைத் திறந்து பார்க்க வீட்டில ஒரு ஆளை வைச்சிட்டுப் போங்கோ. 42 நாள் உங்களுக்காகக் காத்திருக்காது.