மீனாட்சி அம்மனை கேமில் வைக்கலாமா? கிளி நசுங்குது

கேள்வி:
மதுரைப் பசங்க சேர்ந்து பிளெண்டர் (3டி உருவம் செய்யுற மென்பொருள்), கோடோவில் (கேம் உருவாக்குற மென்பொருள்) சண்டை கேம் செய்யுறோம். அம்மனையே நாயகியா வைக்கலாமா? அம்மன் உருவத்தோட கை மடங்குனா கையில இருக்குற கிளி நசுங்குது, அதுக்கும் வழி சொல்லுங்கண்ணே.

பதில் 1:
தம்பி, கருவறைத் திருக்கோலத்தைச் சண்டைக்கு இறக்க வேணாம். 2012-ல் தெய்வங்கள் மோதுற ஸ்மைட் கேமில் காளி வந்தப்போ, தெய்வத்தை ஆட்டக்காரர் பட்டன் அமுக்கி ஆட்டுவிக்கிறதான்னு எதிர்ப்பு கிளம்புச்சு. அதுக்குப் பதிலா திருவிளையாடல் புராணத்துத் தடாதகையை, அதாவது பாண்டியன் மகளாப் பிறந்த மீனாட்சியை எடுங்க. எல்லாத் திசையையும் ஜெயிக்கத் திக்விஜயம் போன பாண்டிய அரசி. தேர், படை எல்லாம் கதையிலேயே இருக்கு. கடைசிக் கட்டம் கயிலாயம். நந்தி கணங்களோட மோதல் இருக்கலாம். சிவனைக் கண்டதும் நாணி நிப்பா, போர் அங்கேயே முடிஞ்சிரும். அதனால சிவனுக்கு ஹெல்த் பாரே (மிச்ச உயிரைக் காட்டுற பட்டை) வைக்காதீங்க. அவளுக்கும் சிவனுக்கும் தூரம் குறைஞ்சதும் தாக்குற பட்டனை முடக்கிக் காட்சிக்கு மாத்துங்க. அந்த இடம்தான் உங்க கேமோட உயிர்.

பதில் 2:
கிளி நசுங்குறதுக்கு வழி: எந்த எலும்பு எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கணும்னு பிளெண்டரே முடிவு பண்ற ஆட்டோமேட்டிக் வெயிட் போட்டிருப்பீங்க. அதனால உருவத்தை அசைக்க வச்ச விரல் எலும்புகள் கிளியையும் சேர்த்து இழுக்குது. கிளியைத் தனி மெஷ்ஷாப் (3டி வடிவமா) பிரிச்சு, பழைய வெர்டெக்ஸ் குரூப்பையெல்லாம் (எலும்போட இணைக்குற புள்ளித் தொகுப்புகள்) அழிச்சிட்டு, வலது கை எலும்புக்கு மட்டும் 1.0 வெயிட் கொடுங்க. நகையில நிழல் கோணலா விழுந்தா, மேடுபள்ளத்தைக் காட்டுற நார்மல் மேப் படம், நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி அமைப்புல இருக்கும், அதை நான்-கலருக்கு மாத்துங்க.

பதில் 3:
மாதிரிக்குப் போட்டோ எடுக்கலாம்னா, மீனாட்சி கோயிலுக்குள்ள செல்போன் கொண்டுபோக முடியாது. தடாதகை சிலைக்குக் கோயிலுக்கு எதிர்ல இருக்குற புதுமண்டபத் தூண்களைப் பாருங்க.