புதுப்பிப்பு: தாய்லாந்து போய் வந்தாச்சு, தீவை மட்டும் மாற்றினோம்

நண்பர்கள் நாலு பேர் நவம்பரில் முதுகுப் பையோடு தாய்லாந்து போகிறோம், கோ தாவோ தீவு சரிவருமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அந்த மாதம் கோ தாவோ இருக்கும் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் அடைமழை, அந்தமான் கடல் பக்கம் போங்கள் என்று பலர் சொன்னீர்கள். ரொம்ப நன்றி. அந்தப் பக்கம் இருக்கும் கிராபியில் இறங்கி கோ லந்தா தீவுக்குப் போனோம். ஆறு நாளில் ஒரே ஒரு சாயங்கால மழைதான்.

பழைய தலைநகரான அயுத்தயாவைத் தவறவிடாதீர்கள். பாங்காக்கிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் போனோம். ஜன்னல் திறந்தே இருந்தது, வழியெல்லாம் வயல் காற்று. அங்கே வாட் மகாதாட் என்ற பழைய கோயிலில் மரவேர்களுக்குள் புத்தர் முகம் மட்டும் தெரிகிறது. அதைவிட நம் தலை உயர்ந்திருக்கக் கூடாது என்பதால் மண்டியிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். அப்படி உட்கார்ந்ததும் எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது.

பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடாவை, கூட்டத்தால் கெட்டுப்போன கடல்வளம் தேறட்டும் என்று 2018-ல் மூடி, 2022 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். அங்கே நீந்த விடுவதில்லை, கரையோரம் முழங்கால் தண்ணீரில் நிற்கலாம். துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறா ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மூடியது எவ்வளவு சரியான முடிவு! விரைவுப் படகு என்று காசு வாங்கிக்கொண்டு ஒரு முகவர் மெதுவான படகில் ஏற்றிவிட்டார். சீட்டில் படகின் வகையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்புறம், சைவம் பற்றிக் கேட்டவருக்கு: கடையில் ‘ஜே’ என்று சொல்லுங்கள், தாய் மொழியில் அசைவம் எதுவும் சேராத சாப்பாடு என்று அர்த்தம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் இருக்கும் கடைகளில் மீன் சாறுகூடச் சேர்ப்பதில்லை. எங்களில் ஒருவன் அதை நம்பித்தான் நிம்மதியாகச் சாப்பிட்டான்.