வெடிச் சத்தத்துக்கு உங்கள் குதிரை என்ன செய்கிறது?

பொள்ளாச்சிக்காரன்:
எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெண் மட்டக்குதிரை. போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு பக்கத்துத் தோட்டத்தில் யாரோ அணுகுண்டு வைத்தார்கள். முதல் வெடிக்கே லாயத்துக்குள் ஒரு சுற்று சுற்றிப் பலகையை உதைத்தாள். நான் ஓடிப்போய்க் கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டினேன். அதுதான் தப்பு. அடுத்த வெடிக்குத் தலையைப் பின்னால் வெட்டி இழுத்ததில் கயிறு அறுந்து, கன்னத்தில் தோல் உரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அப்புறம் எதிர்வீட்டில் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள்; அது வெடித்து முடியும் வரை காதை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றாள். விட்டுவிட்டு வரும் ஒற்றை வெடிக்குத்தான் உயிர் போவதுபோல் துள்ளுகிறாள். வேறு யாருக்காவது இப்படி உண்டா?

பழைய என்.சி.சி.:
உண்டு. கல்லூரியில் குதிரைப் பிரிவில் இருந்தேன். புதிதாக வரும் குதிரையை வேட்டுச் சத்தத்துக்குப் பழக்குவது அங்கே ஒரு தனி வேலை. கொள்ளு வைக்கும் நேரமாகப் பார்த்து, வெகு தூரத்தில் ஒரு சின்ன வெடி. தலையைத் தூக்கும், இரண்டு காதும் அந்தப் பக்கம் திரும்பும். மறுபடி தீனிக்குக் குனிந்தால்தான் மறுநாள் கொஞ்சம் கிட்டே வருவோம். குனியாவிட்டால் இன்னும் தள்ளிப் போக வேண்டியதுதான். பக்கத்தில் எப்போதும் ஒரு கிழட்டுக் குதிரையைக் கட்டியிருப்பார்கள். எதற்கும் அசையாது, வாயைத் தவிர. புதுசு அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது, எங்களைப் பார்த்தல்ல.

நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். ஆனால் வெடிச் சத்தத்தால் இல்லை! வெடிக்கப்போவது எனக்கு முன்பே தெரியும். தொடையை இறுக்கி, லகானை இழுத்துப் பிடித்தேன். வெடிப்பதற்குள்ளேயே குதிரை பக்கவாட்டில் தாவிவிட்டது, நான் தரையில். 2009இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வைப் பிறகு படித்தேன். குதிரையை நடத்திச் சென்றவர்களிடமும் மேலே ஏறியவர்களிடமும், இந்தச் சுற்றில் குடை விரிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசிவரை குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதருக்கும் குதிரைக்கும் சேர்ந்தே இதயத் துடிப்பு ஏறியிருக்கிறது. என் முழங்கைத் தழும்புக்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

லண்டன்வாசி:
பழக்கினாலும் ஒரு எல்லை இருக்கிறது சார். 2024 ஏப்ரல் 24 காலையில் இங்கே அரச குதிரைப்படை பயிற்சிக்குப் போனபோது, பெல்கிரேவியாவில் கட்டட வேலை நடந்த இடத்தில் மேலிருந்து எதையோ போட்ட சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. வீரர்களைத் தள்ளிவிட்டு ஓடின. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் ஊரின் நடுவே ஓடி, வண்டிகளில் மோதி, கிழக்கே லைம்ஹவுஸ் பக்கம்தான் பிடிபட்டன. வெள்ளைக் குதிரையின் மார்பெல்லாம் ரத்தம். பேண்டு வாத்தியத்துக்கும் கூட்டத்துக்கும் பழகிய குதிரைகள் அவை. ஆனால் தலைக்கு மேலிருந்து, எதிர்பாராமல், பக்கத்திலேயே சத்தம் வந்தால்?

இதற்கு நேர்மாறானது 1981 ஜூன் 13 அன்று நடந்தது. ராணி எலிசபெத் பர்மீஸ் என்ற கறுப்புக் குதிரையில் ஊர்வலமாக வந்தபோது, கூட்டத்திலிருந்த ஒரு இளைஞன் ஆறு வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டான். குதிரை கொஞ்சம் துள்ளியது, ராணி தட்டிக்கொடுத்தார், அடங்கிவிட்டது. மேலே இருந்தவர் பதறவில்லை என்பதே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஹைட் பார்க்கில் பீரங்கி மரியாதை பார்த்திருக்கிறேன். குதிரைகள் பீரங்கியை இழுத்துக்கொண்டு பாய்ந்து வரும். ஆனால் அவற்றை அவிழ்த்துத் தள்ளிக் கொண்டுபோன பிறகுதான் சுடுகிறார்கள். அவ்வளவு பழகிய குதிரைக்கே அந்த மரியாதை.

பொள்ளாச்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கிழட்டுக் குதிரைக்கு நான் எங்கே போவேன்? எங்கள் எருமையைப் பக்கத்தில் கட்டினேன். போன வாரம் மாரியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போட்டார்கள். இந்த முறை அவளைக் கட்டவில்லை. லாயத்தில் விளக்கை எரியவிட்டு, வைக்கோலைப் போட்டுவிட்டு நான் திண்ணைக்கு வந்துவிட்டேன். முதல் வேட்டுக்கு ஒரு உதை. இரண்டாவதுக்குக் காது மட்டும். எருமை அசை போடுவதை நிறுத்தவே இல்லை.