கல்லச்சு (லித்தோகிராஃபி) தெரிந்தவர்கள், செயின்ட் ஜான்ஸில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கனடாவின் நியூஃபவுண்ட்லேண்டைச் சேர்ந்த மிக்மாக் பூர்வகுடி ஓவியர் ஜெர்ரி எவன்ஸ் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். செயின்ட் ஜான்ஸ் நகரின் செயின்ட் மைக்கேல்ஸ் அச்சுப்பட்டறையில் தலைமை அச்சாளராக இருந்தவர். தன் பூர்வகுடி வேர்களைத் தேடுவதையே கல்லச்சுப் படங்களாக்கியவர்.

அந்தத் தேடலின் பின்னணி என்னை ரொம்பவே பாதித்தது. 1949-இல் நியூஃபவுண்ட்லேண்ட் கனடாவோடு இணைந்தபோது, இணைப்பு விதிகளில் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்குள்ள கோன் ரிவர் என்ற ஊரின் மிக்மாக் மக்களுக்கு 1984-இல்தான் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது. கலிபு என்ற இன்னொரு மிக்மாக் சமூகத்துக்கு 2011-இல். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தாங்கள் மிக்மாக் என்பதையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்துவிட்டன.

இந்த வரலாற்றுப் பகுதியை எழுதி முடித்துவிட்டேன். தொழில்நுட்பத்தில்தான் உங்கள் உதவி வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் கிரேயானால் வரைவது, ஈரமான இடத்தில் மை ஒட்டாமல் போவது வரை புரிகிறது. ஒரே கல்லைத் தேய்த்து அடுத்த நிறத்துக்குப் பயன்படுத்தும்போது, முந்தைய நிறத்தோடு இம்மி பிசகாமல் எப்படிப் பொருத்துகிறீர்கள்? பழைய புகைப்படத்தைக் கல்லுக்கு மாற்றும் முறையையும், கையால் செய்து பார்த்தவர் யாராவது விளக்கினால் பெரிய உதவி.

செயின்ட் ஜான்ஸ் பக்கம் இருப்பவர்கள் ஜெர்ரி எவன்ஸின் மூலப் பிரதிகளை நேரில் பார்த்திருந்தால், தாள், மையின் அடுக்குகள், நிறங்கள் பற்றி நாலு வரி எழுதுங்கள். திரையில் பார்த்து அதையெல்லாம் எழுத எனக்கு மனசு வரவில்லை. உங்கள் பெயரைக் கட்டுரையில் நன்றியோடு குறிப்பிடுவேன்.